எட்டுப் பக்க வாழ்த்து

"மேடம் ரெண்டாவது மாடியில நிக்காங்க, இப்ப எறங்கிருவாங்க, இருங்க சார்" என்று வரவேற்பில் நின்ற பெண் சொல்லிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாசானமுத்து இன்னும் சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காரலாம், யார் வேண்டாம் என்றது. ஆனால் சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, லேசாக அசைந்தாலே சரசரவென்று கூடம் பூராவும் கேட்கிறது, விளம்பரம் கேட்டு வந்தவன் வந்த இடத்தில் சத்தம் காட்டக்கூடாது என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம், அது இடுப்போடு ஒட்டிப்போய்விட்டது. புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறி நேரே வயிற்றுக்குள் இறங்கியது, வயிறு ஒரு தடவை முனகியது, அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்குமோ என்று பார்த்தார், அவள் செல்போனுக்குள் இருந்தாள். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சாப்பிடாததற்குக் காரணம் ஒரு பொய், அந்தப் பொய்யை நினைத்தால் பசி இன்னும் ஒரு பங்கு கூடுகிறது. பேப்பர் ஆபீஸின் திருநெல்வேலிக் கிளையில், விளம்பரப் பிரிவில் இப்போது மிச்சம் இருப்பது இரண்டே பேர், இவரும் செல்வினும். நேற்று மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தபோது செல்வின் டீ குடிக்கப் போயிருந்தான். "விளம்பரம் பாக்குற சார் இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல். "நான்தாம்மா" என்றார் இவர், அதில் பொய் ஒன்றும் இல்லை, இவரும்தான் பார்க்கிறார். வண்ணாரப்பேட்டையில் மூணு மாடிக்குக் குழந்தைகள் கடை திறக்கிறேன், திறப்பு விழாவுக்கு எட்டுப் பக்கம் சிறப்பு மலர் போடணும், நாளைக்கு வாங்க, லிஸ்ட் ரெடியா வச்சிருக்கேன் என்றாள். பேர் பிளெஸ்ஸி. தானாகக் கூப்பிட்டு மலர் போடுங்கள் என்று ஒரு கடைக்காரர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! போனை வைக்கவும் செல்வின் உள்ளே வரவும் சரியாக இருந்தது. "யாரு அண்ணாச்சி போன்ல?" "ராங் நம்பர்வே." நாக்கு தானாகச் சொன்னது, மனசைக் கேட்கவே இல்லை. இன்று காலையில் பையை எடுத்தபோது அவன் மறுபடி கேட்டான், எங்க கிளம்பிட்டிய என்று. சுகர் டெஸ்டுக்கு என்றார். உடனே அவன் மேஜையில் இருந்த வடைப் பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டான், "நல்ல வேளை சொன்னிய, வெறும் வயித்துலதான போகணும், தண்ணிகூடக் குடிச்சிராதிய" என்று. பாவி, நல்லவனாக இருந்து தொலைக்கிறான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து மேனேஜர் கௌதமன் செல்போன் திரையில் வருவார். ஒண்ணாம் தேதியிலிருந்து விளம்பரம் கொடுப்பவர்கள் அவரவர் போனிலேயே ஆப்பைத் திறந்து, தானே எழுதி, தானே படம் ஏற்றி, தானே அனுப்பிக்கொள்ளலாமாம், ஆகவே ஊருக்கு ஒரு ஆள் போதுமாம். அந்த ஒரு ஆள் யார் என்பதுதான் நாளைய சேதி. "ஒரு சப்ளிமென்ட் கையில கொண்டு வாங்க மாசானம், மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்று கௌதமன் போன வாரம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். செல்வினையும் தனியாகக் கூப்பிட்டு இதையே சொல்லியிருப்பாரோ என்னவோ, சொல்லியிருப்பார், மேனேஜர் என்றால் வேறு என்ன வேலை. சப்ளிமென்ட் என்கிற இந்தச் சிறப்பு மலர் ஊர் அறிந்த விஷயம்தான், ஆனால் அது எப்படி நிரம்புகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் கடை திறக்கிறார் என்றால் முதல் பக்கம்தான் அவருடையது. மற்ற ஏழு பக்கமும் அந்தக் கடைக்குத் தரை ஓடு போட்டவர், ஒயரிங் செய்தவர், கண்ணாடி மாட்டியவர், ஏசி வைத்தவர், போர்டு எழுதியவர், கடன் கொடுத்த வங்கி மேனேஜர் என்று ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் போட்டோ, போட்டோவில் கும்பிட்டபடி ஒரு சிரிப்பு, கீழே மென்மேலும் வளர வாழ்த்துகிறோம். அவர்களாகவா வந்து போடுவார்கள்? மாசானமுத்து போன் செய்வார். "அண்ணாச்சி, முதலாளி உங்க பேரைச் சொன்னாங்க." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. அடுத்த வேலையும் வேண்டுமென்றால் முதலாளி சொன்னதைத் தட்ட முடியுமா, ஓடு போட்டவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு "கால் பக்கம் போட்டுருங்க" என்பான். முதலாளி பேரைச் சொல்லியிருக்கவே மாட்டார், லிஸ்டைத் தூக்கிக் கொடுத்திருப்பார், அதுவே சொன்ன மாதிரிதானே. அன்பான மிரட்டல் என்று செல்வின் இதற்குப் பேர் வைத்திருந்தான், இவருக்குச் சிரிப்பு வரும், வந்தாலும் அது உண்மைதான் என்று தெரியும்.

மேலே எங்கோ துளைபோடும் மிஷின் கர்ரென்று இரைந்தது, நின்றது, மறுபடி இரைந்தது. துளைபோடுகிறவன் கால் பக்கம். கால் பக்கம் தாங்க மாட்டான், தொழிலாளி, அதில் பாதி, அரைக்கால் என்று வைப்போம், ஆனால் அவனுக்கு மேலே ஒரு காண்டிராக்டர் இருப்பானே, அவன் அரைப் பக்கம். மாசானமுத்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். தரையில் பளபளவென்று பெரிய ஓடு, மூன்று மாடிக்கு எவ்வளவு ஓடு போயிருக்கும், ஓட்டுக்காரர் ஒரு முழுப் பக்கம், சந்தேகமே இல்லை. இரண்டாம் பக்கம் அவர். சீலிங்கில் யானை, ஒட்டகச்சிவிங்கி என்று வெட்டி விளக்கு வைத்திருக்கிறார்கள், சீலிங்காரரும் விளக்குக்காரரும் ஆளுக்கு அரை, மூன்றாம் பக்கம் முடிந்தது. கண்ணாடிக் கதவு, அதன் மேல் ஒட்டிய காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை, கண்ணாடியும் அலுமினியமும் நாலாம் பக்கம். ஏசி, ஜெனரேட்டர், கேமரா, அஞ்சு. சட்டை மாட்டி நிற்க வைக்கிற பொம்மைகள் மூலையில் துணியில்லாமல் வரிசையாக நின்றன, எல்லாம் குழந்தை அளவு, தலை மட்டும் வழவழவென்று கண் மூக்கு இல்லாமல், அவற்றைப் பார்க்க என்னவோ போல இருந்தது, பார்வையை மாற்றிக்கொண்டார், பொம்மைக்காரர், ரேக்குக்காரர், பில் மிஷின்காரர், ஆறாம் பக்கம். எட்டாம் பக்கம் வங்கி, அது கடைசிப் பக்கம், வண்ணத்தில், வங்கிக்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் என்றால் உயிர். இடிக்கிறது ஏழுதான். ஏழாம் பக்கத்துக்கு ஆள் இல்லை. சொந்தக்காரர்களைப் போடலாம், தாய்மாமன், சித்தப்பா, இந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாமல் யாராவது கடை திறக்கிறார்களா என்ன. சரி, ஏழாம் பக்கம் சொந்தக்காரர்கள். திரும்ப முதலிலிருந்து எண்ணினார், இந்தத் தடவை ஜெனரேட்டர்காரரை ஆறுக்குக் கொண்டுபோனார், அஞ்சாம் பக்கம் ஓட்டையாகிவிட்டது, மறுபடி அவரை அஞ்சுக்கே கொண்டுவந்தார். லிஸ்டை வாங்கியதும் இங்கேயே வெளியில் நின்று போன் போட ஆரம்பித்துவிட வேண்டும், சாயங்காலத்துக்குள் நாலு பக்கமாவது உறுதியானால் நாளைக்குப் பதினொரு மணிக்கு வாயைத் திறக்கலாம். எட்டுப் பக்கம் சார். இதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அலட்டாமல் சொல்ல வேண்டும், அதுதான் நல்லது.

எல்லோரிடமும் கேட்டுத்தான் போட வேண்டும், கேட்காமல் ஒரு கட்டம்கூடப் போடக்கூடாது, பிளைவுட் கடை சுடலைமணி விஷயத்தில் பட்டது போதும். சுடலைமணியை எதற்கு இப்போது நினைக்க வேண்டும், ஆனால் நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டது, மாட்டினால் லேசில் வராது. ஒன்பது வருஷம் இருக்கும், ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டல் திறந்தார்கள். சுடலைமணி எந்த மலருக்கும் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது, ஆகவே மாசானமுத்து அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டார், போன தடவை போட்டதை எடுத்து, வாழ்த்தப்படுகிற கடையின் பேரை மட்டும் மாற்றி இறக்கிவிடுவது, பேப்பர் வந்தபிறகு கடைக்குப் போய்ப் பணத்துக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். மலர் வெளிவந்த அன்றைக்குச் சுடலைமணி செத்து எட்டு நாள். மதுரையில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்து, அப்படியே சொந்த ஊருக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டார்கள், இவருக்குச் சேதி வரவில்லை. செத்த மனுஷன் நாலாம் பக்கத்தில் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு, மென்மேலும் வளர வாழ்த்துகிறார்! அன்று மத்தியானமே அவர் சம்சாரம் பேச்சியம்மாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டது. தம்பி ஆள் வாட்டசாட்டம். அடி உறுதி என்றுதான் மாசானமுத்து நினைத்தார். அந்த அம்மாள் ஏசவில்லை, பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இத எப்பய்யா குடுத்தாவ?" என்று கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளும்மா, போன்ல, என்றார். "என்ன சொன்னாவ?" நல்லாப் பெருசாப் போடும், படத்துல சிரிச்ச முகமா இருக்கணும்னாவ. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அத்தோடு தீர்ந்ததா? பார்க்கிற இடமெல்லாம் கேட்கும், மார்க்கெட்டில், தேரோட்டத்தில், ஒரு தடவை பஸ்ஸுக்குள் நாலு சீட் தள்ளியிருந்து சத்தமாக. என்ன சொன்னாவ, வேற என்ன சொன்னாவ. ஒவ்வொரு தடவையும் இவர் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது, சொன்னதையே சொன்னால் அந்த முகம் வாடிவிடும். ஒரு வருஷம், வீட்டுல மீன் கொழம்பு, சாப்பிட வாரும்னு கூப்பிட்டாவ என்று அள்ளிவிட்டார். அந்த அம்மாள் யோசித்தது. "அன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே, வெள்ளிக்கெழம எங்க வீட்டுல மீன் ஏது?" இவர் அடுத்த பொய்யைத் தேடினார். அதற்குள் அதுவே, "அவுஹ எப்பவும் அப்படித்தான், நாள் கெழம தெரியாம ஆளக் கூப்பிட்டுருவாவ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆப்பில் கொடுத்த விளம்பரமாக இருந்தால் இந்தத் தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிஷம் என்று பளிச்சென்று காட்டியிருக்கும், ஒரு வார்த்தை பொய் சொல்ல முடியாது. அது நல்லதா கெட்டதா என்று மாசானமுத்துவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, எடுத்தபோது பிளாஸ்டிக் சரசரத்தது, வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தாள். வீட்டிலிருந்து இசக்கியம்மாள். "எங்க இருக்கிய?" வண்ணாரப்பேட்டையில என்றார் மெதுவாக. "சுகர் டெஸ்டாமே? எனக்குத் தெரியாம என்ன டெஸ்டு? தலை கிலை சுத்துச்சா?" உனக்கு யாரு சொன்னா என்றார். "செல்வின்தான். என் ஸ்டேட்டஸப் பாத்துட்டு முருங்கக்கீரப் பொடி அரைக் கிலோ கேட்டான், அப்பச் சொன்னான், அண்ணாச்சி மொகம் வாடிக் கெடக்கு, நல்லாக் கவனிச்சுக்கிடுங்க மைனின்னு. என்னைய அவன் கவனிக்கச் சொல்லுத அளவுக்கா இருக்கு?" ஒண்ணுமில்லட்டி, சும்மா ஒரு டெஸ்டு, வையி. "டெஸ்டு முடிஞ்சதும் நாலு இட்லியத் தின்னுங்க. காலையில போட்ட ஸ்டேட்டஸ நானூத்திப் பன்னெண்டு பேரு பாத்திருக்காவ, தெரியுமா?" வைத்துவிட்டாள். நானூத்திப் பன்னெண்டு. மூன்று வருஷமாகப் பொடி விற்கிறாள், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கருவேப்பிலைப் பொடி, ஒரு நாளாவது புருஷன் வேலை பார்க்கிற பேப்பரில் ஒரு வரி விளம்பரம் போடட்டுமா என்று கேட்டதில்லை, இவரும் போடு என்று சொன்னதில்லை, சொல்ல வாய் வரவில்லை. அவள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படத்தைப் போடுகிறாள், எண்ணிக்கை ஏறுகிறது, அதைத் தொட்டால் பேர் பேராக வருகிறது, யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், பார்த்தும் வாங்காதவர் யார் என்பது முதற்கொண்டு அவளுக்குத் தெரியும், சாயங்காலம் உட்கார்ந்து அவர்களை ஒவ்வொருவராகத் திட்டுவாள். இருபத்தாறு வருஷத்தில் மாசானமுத்துவுக்கு அப்படி ஒருத்தர் பேர் தெரியுமா? எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டால், ஊரே பாக்கும் அண்ணாச்சி என்று சொல்வார், அவர்களும் தலையை ஆட்டுவார்கள். இப்போது ஆட்டுவதில்லை. எத்தனை பேர், எந்த வயசு, ஆணா பெண்ணா என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், சிறப்பு மலரை ஊர் பார்த்ததாக அவர் எங்கும் கண்டதில்லை. மலரில் இருக்கிறவர்கள்தான் மலரைப் பார்த்தார்கள். ஓட்டுக்காரர் தன் படத்தைத் தேடுவார், பக்கத்தில் ஏசிக்காரர் படம் தன்னுடையதைவிடப் பெரிசா என்று விரலால் அளப்பார், பிறகு அதை வெட்டி லேமினேட் செய்து கடையில் மாட்டுவார். இவர் விற்றது அதைத்தான். அது கெட்ட சரக்கு இல்லை, ஆனால் அதற்கு எண்ணிக்கை கிடையாது.

செல்வினுக்கு முப்பத்தெட்டு வயசு, நெட்டு விஷயம் தெரிந்தவன், வெளியே போனால் எங்கேயாவது தொற்றிக்கொள்வான். அப்படித்தான் இவர் நேற்று ராத்திரியிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரிந்தவனாக இருந்தால் ஏன் இந்த ஆபீசில் உட்கார்ந்து என்னோடு டீ குடிக்கிறான் என்று இன்னொரு குரல் உடனே கேட்கும். அவனுக்கு இரண்டும் பிள்ளைகள் சிறிசு. எனக்கு ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்றில் எவன் எடுப்பான், அடையாள அட்டையைக் கழற்றிவிட்டால் நான் யார், கல்யாண வீட்டில் பேப்பர்க்காரர் வந்திருக்காங்க என்று முன் வரிசையில் நாற்காலி போடுகிறார்களே, அது எனக்கா அட்டைக்கா? அட்டைக்குத்தான். இதை ஒத்துக்கொள்வதில் பெரிய வருத்தமும் இல்லை, யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது, பயம் மட்டும் இடுப்புக்குக் கீழே குளிராக, ஏசிக் குளிரோ அது, ஏசிக் குளிராகவும் இருக்கலாம். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் என்ன, ஆளுக்கு நாலு பக்கம், செல்வினு, ஒண்ணு சொல்லணும்வே, நேத்து அது ராங் நம்பர் இல்ல. அவன் சிரிப்பான், சிரித்துவிட்டு, அதனால என்ன அண்ணாச்சி என்பான், அதைத் தாங்க முடியாது. தவிர நாலு பக்கம் என்பது மலரே இல்லை, நாலு பக்கம் கொண்டுபோனால் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு மேலிடம் வேலையை முடித்துவிடும். எட்டு வேண்டும். எட்டும் ஒரு கையில் வேண்டும். ஏழாம் பக்கம் சொந்தக்காரர்கள். தாய்மாமன் கால், சித்தப்பா கால், மச்சினன் வெளிநாட்டில் இருந்தால் அரை. மேலே மிஷின் நின்றுவிட்டது, படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"சாரி அண்ணாச்சி, ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேன்." முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும், கையில் சுண்ணாம்புத் தூசி, நெற்றியில் வேர்வை, முதலாளி மாதிரியே இல்லை, எதிரில் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். லிஸ்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார், முதல் வரியே ஆள் பேர் மாதிரி இல்லை, புள்ளி காம் என்று முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. "ஓடு யார்கிட்ட எடுத்திய மேடம்?" "ஆன்லைன்லதான் அண்ணாச்சி, குஜராத்துல இருந்து நேரா லாரியில வந்துச்சு." "சீலிங், லைட்டு?" "டிசைன் ஒரு சாஃப்ட்வேர்ல நானே பண்ணினேன். சாமான் எல்லாம் பார்சல்ல வந்துச்சு." ஒயரிங் என்று கேட்கும்போது குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "ஆப்ல புக் பண்ணினா ஆள் வருவாங்க அண்ணாச்சி. முடிச்சுட்டுப் போனதும் ஸ்டார் குடுத்துரலாம்." மேல துளை போடுத ஆளு? "அவரும் ஆப்லதான். அவர் பேரு... பேரு போன்ல இருக்கும், பாத்துச் சொல்லட்டுமா?" வேண்டாம் என்றார். பொம்மை, ரேக்கு, கேமரா, பில் மிஷின், எல்லாம் புள்ளி காம். கடன்கூட ஏதோ ஆப்பில், மேனேஜர் என்று ஒரு முகத்தை அவள் பார்த்ததே கிடையாதாம். மாசானமுத்து இரண்டாம் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்த ஓட்டுக்காரர் முதலில் எழுந்து போனார், பின்னாடியே கண்ணாடிக்காரர், ஏசிக்காரர். "சொந்தக்காரங்க போடுவாங்கள்ல மேடம்? அப்பா, மாமா..." பிளெஸ்ஸி கையிலிருந்த தூசியைத் தட்டினாள். "அப்பா என்கூடப் பேசி நாலு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. நான் கட்டிக்கிட்டது அவங்களுக்குப் பிடிக்கல. ரெண்டு வீட்டுல இருந்தும் ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆனா அப்பா காலையில உங்க பேப்பர்தான் படிப்பாங்க, ஒரு வரி விடாம. அதுக்குத்தான் கேட்டேன். இன்னாரெல்லாம் என்னைய வாழ்த்துதாங்கன்னு பாக்கட்டும்." அப்படியானால் முதல் பக்கம் மட்டுமாவது போடலாமே என்று இவர் மெல்ல இழுத்தார். "ஒத்தப் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி. நானே எனக்கு வாழ்த்துச் சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கும், அப்பா சிரிப்பாங்க." அதுவும் சரிதான், மலர் போடுகிற இவரே சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. அவள் லிஸ்டைச் சுட்டிக் காட்டினாள். "எல்லாத்துக்கும் கஸ்டமர் கேர் நம்பர் போட்டிருக்கேன் பாருங்க. இவ்வளவு ஆர்டர் குடுத்திருக்கேன், எனக்காக ஒரு வாழ்த்துப் போட மாட்டாங்களா? நீங்க பேசினாத் தருவாங்க."

போட மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் விளம்பரம் கொடுப்பவர் முன்னால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை, அதோடு அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை, ஓடு அனுப்பிய கம்பெனியின் நம்பரை அழுத்தினார். தமிழுக்கு இரண்டு என்றது, இரண்டை அழுத்தினார். பாட்டு ஓடியது. இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இன்று எத்தனை பேர் எத்தனை ஊரில் நிற்பார்கள் என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது. பிறகு ஒரு பெண் குரல், வணக்கம் சார், ஆர்டர் நம்பர் சொல்ல முடியுமா என்றது. "அம்மா, நான் திருநெல்வேலியில இருந்து பேசுதேன், பேப்பர் ஆபீஸ். இங்க பிளெஸ்ஸி மேடம் கடை திறக்காங்க, மூணு மாடி, உங்க ஓடுதான். சிறப்பு மலர் போடுதோம். முதலாளி உங்க பேரைச் சொன்னாங்க." சொல்லிவிட்டுக் காத்திருந்தார், இந்த இடத்தில் அந்தப் பக்கம் ஒரு எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். "சார், டெலிவரியில ஓடு எதுவும் உடைஞ்சிருக்கா?" இல்லம்மா, வாழ்த்து, கடையை வாழ்த்தி ஒரு விளம்பரம், ஒரு பக்கம், முடியாட்டி அரைப் பக்கம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டது, நடுவில் குறுக்கிடவில்லை, அதற்கே அதைக் கும்பிடலாம். "புரியுது சார். ஆனா வாழ்த்துன்னு இங்க ஒரு ஆப்ஷன் இல்ல. ஆர்டர், ரிட்டர்ன், பணம் திரும்ப, புகார், இந்த நாலுதான் இருக்கு. புகாரா வேணும்னா பதிஞ்சுக்கட்டுமா?" பதிஞ்சுக்கோம்மா என்றார். "பிரச்சனை என்னன்னு சொல்லுங்க சார். ஒரே வரியில, இடம் கம்மி." இடம் கம்மி, வார்த்தையக் குறைங்க என்று இவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், சாவுக்கு, கல்யாணத்துக்கு, காணாமல் போன பத்திரத்துக்கு. இப்போது தன் முறை. செல்வினுக்குத் தெரியாமல் வந்தேன் என்பது ஒரு வரி. எனக்கு ஐம்பத்தொன்று என்பது ஒரு வரி. எதிரே அட்டைப்பெட்டியின்மேல் இருந்து பிளெஸ்ஸி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாழ்த்த ஆள் இல்லன்னு எழுதிக்கோம்மா." அந்தப் பெண் தட்டிக்கொண்டே திருப்பிச் சொன்னது, "வாழ்த்த... ஆள்... இல்லை. இவ்வளவுதானா சார்?" இவ்வளவுதான். புகார் எண் பத்து இலக்கம், சொல்லச் சொல்ல உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வரும் சார், இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும் என்றது. போனை வைத்தார். "என்ன சொன்னாங்க அண்ணாச்சி?" என்று பிளெஸ்ஸி ஆசையாகக் கேட்டாள். "பாத்துச் சொல்லுதாங்களாம் மேடம். ரெண்டு நாள் ஆகுமாம்." அவள் முகம் தெளிந்தது, "ரெண்டு நாள்தான? அதுக்கென்ன, தெறப்பு விழாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கே" என்றாள். மாசானமுத்து எழுந்தார், பிளாஸ்டிக் பெரிதாகச் சரசரத்தது, அதைப்பற்றி இப்போது கவலைப்படவில்லை.

"ஆமா மேடம், உங்களுக்கு நாள் கெடக்கு" என்றார்.